கால் கழுவி வாசித்த ஆர்கன்

ஒரு தேவாலயத்தையே கைப்பையில் போட்டுக்கொண்டு தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். சும்மா அளக்கவில்லை. வட ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் முந்நூறு வருஷமாக ஒரு குழாய் ஆர்கன் நிற்கிறது. அதன் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக ஒலிக்கவைத்து, அந்தக் கட்டடத்தின் எதிரொலி அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து பதிவு செய்து, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடைத்து விற்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றி, கீபோர்டை இணைத்து ஒரு கட்டையை அழுத்தினால் அந்த ஊர்க் குழாயே பேசும். அந்த டிஸ்க் ஒன்று, அதைத் திறக்கிற கட்டைவிரல் அளவுச் சாவி ஒன்று, இரண்டையும் சேலைகளுக்குள் சுருட்டி வைத்திருந்தேன்.

நான் சிங்கப்பூர்க்காரி. பெயர் எஸ்தர். பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆர்கன் வாசிக்கிறேன். இணையத்தில் எங்களைப் போன்ற ஆர்கன் பைத்தியங்கள் கூடிப் பேசுகிற ஒரு பக்கம் உண்டு. அங்கே பஷீர் என்று ஒருவரோடு மாதக்கணக்கில் ஆங்கிலத்தில் வாயாடிக்கொண்டிருந்தேன். துருக்கிக்காரராக இருப்பார் என்று என் நினைப்பு. ஒரு நாள் பாதிப் பேச்சில், "கரண்ட் போச்சு, அப்புறம் வர்றேன்" என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துவிட்டு மறைந்துபோனார். அடப்பாவி, நம்மாள்! உத்தமபாளையத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற ராவுத்தர்.

தோட்டத்துக்கு முன்னால் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கப்பல் பழுதாகி ஒரு ஜெர்மன் துறைமுகத்தில் நின்றபோது, குளிர் தாங்காமல் பக்கத்துத் தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருக்கிறார். உள்ளே யாரோ ஆர்கன் பழகிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்தது இன்னும் இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பி, தானே கீபோர்டு படித்து, தானே வயர் இழுத்து, வீட்டில் ஒரு அறை முழுக்க ஆர்கன் கட்டிவிட்டார். எல்லாம் இருந்தது, சத்தத்தைத் தவிர. தபாலில் வரவழைத்த டிஸ்க் இரண்டு தடவையும் வந்து சேரவில்லை. "நீயே கையில கொண்டுவந்துரு தங்கச்சி, புண்ணியமாப் போகும்" என்று போனில் கெஞ்சினார். எனக்கும் லீவு இருந்தது. கிளம்பிவிட்டேன்.

சிங்கப்பூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் செத்தே போனாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே கம்பம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், தேனி எல்லை தாண்டுவதற்குள் என் சம்பளம், சர்க்கரை அளவு, ஏன் கல்யாணம் கட்டவில்லை என்பது வரை விசாரித்து முடித்துவிட்டார். வீரபாண்டி தாண்டி பஸ் பஞ்சர். எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். நான் பையைத் தரையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன். குமுளி போகிற இரண்டு மலையாளப் பெண்கள் எனக்குப் புரியாது என்று நினைத்து மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். "பாவம், பைக்குள்ள பிள்ளை இருக்கிற மாதிரிப் பிடிச்சிருக்கா." "பிள்ளையா இருந்தா இந்நேரம் அழுதிருக்கும்டீ." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விவரம் சொன்னேன். இரண்டு பேரும் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு நேந்திரம்பழம் கொடுத்தார்கள்.

பஷீர் அண்ணன் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தார். ஆள் நல்ல உயரம், தொப்பை, கப்பலில் பழகின ஆடி ஆடி நடக்கிற நடை. என்னை வாங்க என்று சொல்வதற்கு முன்னால், "டிஸ்க் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ஆளை அங்கேயே பிடித்துப்போயிற்று.

வீட்டுக்காரி ஜமீலா வாசலில் நின்று வரவேற்றார். "இங்கன அண்ணன் பொண்டாட்டிய மச்சின்னுதான் கூப்பிடுவோம்" என்று உறவு வைத்துவிட்டு, கையோடு சாப்பிட உட்காரவைத்துவிட்டார். ஆப்பம், ஆட்டுக்கால் பாயா. சிங்கப்பூரில் இதே பாயாவுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்பேன். அது பாயாவே இல்லை என்று இப்போது தெரிந்தது. நான் நாலாவது ஆப்பத்தில் இருந்தபோது மச்சி விஷயத்துக்கு வந்தார்.

"ஞாயித்துக்கெழம மதியம் மாப்பிள்ள வீட்டுக்காரவுக வர்றாக. எங்க மக சபீனாவுக்குப் பேசி முடிக்க. வந்து ரெண்டு நாள் தங்குவாக. வீட்டுல இருக்கிற நல்ல ரூம் ஒண்ணுதான். அதுல இவுக மரத்தையும் வயரையும் போட்டு ரெண்டு வருசமா அடைச்சு வச்சிருக்காக. ஒரு சத்தம் வந்திருக்கா? கேளு."

அண்ணன் பாயாவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் கெட்டவ இல்ல. ஞாயித்துக்கெழம அவுக வர்றதுக்குள்ள, இவுக உக்காந்து ஒரு பாட்ட முழுசா வாசிக்கட்டும். நீ இல்ல, இவுக. வாசிச்சாகன்னா அது இங்கனயே இருக்கட்டும். இல்லாட்டி தோட்டத்து ஷெட்டுக்குப் போகுது."

தோட்டத்து ஷெட்டில் எலி. வயரெல்லாம் ஒரே மாதத்தில் தீனியாகிவிடும் என்று அண்ணன் அப்புறமாக என்னிடம் முனகினார். கப்பலில் இருந்த காலமெல்லாம் போனில் அந்தச் சத்தத்தை மச்சிக்கு வாயால் வர்ணித்துப் பார்த்தாராம். "அவளுக்கு அது எப்பிடி இருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல தங்கச்சி. கேக்க வைக்கணும், அம்புட்டுத்தான்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அறையைத் திறந்தோம். நான் அசந்துபோனேன். இரண்டு கீபோர்டுகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தேக்குச் சட்டத்தில் பொருத்தி, மைக் செட் கடையில் வாங்கின ஆளுயர ஸ்பீக்கர்களை மூலைக்கு ஒன்றாக நிறுத்தியிருந்தார். கீழே தரையோடு தரையாக, காலால் வாசிக்கிற மரக்கட்டைகளின் வரிசை. இதைப் பெடல் என்போம். ஆர்கனில் அடித்தொண்டைச் சுரம் எல்லாம் காலுக்குத்தான். சின்னமனூர் சுப்பையா ஆசாரி செய்தது. ஒவ்வொரு கட்டையும் சீப்பு வாழைப்பழம் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

டிஸ்க்கை மாட்டினோம். முழு ஆர்கனும் கம்ப்யூட்டருக்குள் ஏற வேண்டும், அது ஆடி அசைந்துதான் ஏறும். முக்கால்வாசி ஏறியபோது கரண்ட் போயிற்று. அந்த வருஷம் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். இன்வெர்ட்டரை அண்ணன் ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்திருந்தார். மச்சி வந்து ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு, மீன் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். திட்டாமல் போனதுதான் அண்ணனுக்குப் பயமாக இருந்தது.

மறுபடி ஏற்றினோம். ஏறி முடிந்ததும் ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் ஒன்று வந்தது. இன்னும் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. அது அந்த ஆர்கனின் காற்றுப்பெட்டி மூச்சுவிடுகிற சத்தம், அதையும் பதிந்திருக்கிறார்கள். மேல் கீபோர்டில் ஒரு சுரம் தொட்டேன். விரலை எடுத்த பிறகும் அது கட்டடம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்துதான் அடங்கியது. பன்னிரண்டடி அறை அது. அண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பள்ளிவாசலுக்குப் போனார்.

மதியம் நெய்ச்சோறும் தால்சாவும் தின்றுவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு பெடலைச் சோதிக்க உட்கார்ந்தேன். ஆர்கன் வாசிக்க என்று தனி ஷூ வைத்திருக்கிறேன், தெருவையே பார்க்காத ஷூ. அதைப் பையிலிருந்து எடுத்ததுமே மச்சி, "செருப்பா? வீட்டுக்குள்ளயா?" என்றார். இது சுத்தம் மச்சி, தரையில் நடக்கவே நடக்காது என்று சிங்கப்பூர் சட்டமெல்லாம் பேசிப் பார்த்தேன். முகம் இளகவில்லை. சரி, இந்த ஒரு தடவை மட்டும் என்று மாட்டிக்கொண்டேன்.

காலை வைத்ததும் வீடு அதிர்ந்தது. ஒரு கட்டையை மிதித்தால் பக்கத்துக் கட்டை இரண்டும் சேர்ந்து உறுமுகிறது, அடுப்படியில் டம்ளர் எல்லாம் ஆடுகிறது. காலால் மிதிக்கக்கூட வேண்டாம், பட்டாலே போதும். கட்டைக்குக் கீழே இருந்த ஸ்பிரிங் அவ்வளவு இளசு. நல்ல வேளையாக ஆசாரியையே வரச் சொல்லியிருந்தார் அண்ணன். நான் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் உளிப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

என் காலைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். அவர் இழைத்த கட்டையைப் பார்த்தார்.

"என்னத்தா பண்ற?"

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அண்ணன் அவரிடம் 'பெரிய ஆர்மோனியம்' என்று மட்டும் சொல்லி வேலை வாங்கியிருக்கிறார். தரையோடு தரையாக ஒரு வாத்தியம் என்றால் ஆசாரிக்கு என்ன தோன்றும்? சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் வாசிப்பதுதானே. நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று நினைத்து, விரல் நோகக்கூடாதே என்று மெல்லிய ஸ்பிரிங்காகத் தேடிப் போட்டிருக்கிறார்.

"ராவுத்தரே, நீங்க இப்பிடிப் பண்ணுவீகன்னு நெனைக்கல" என்றார் ஆசாரி. "வாத்தியத்துல காலு தெரியாமப் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறோம். இதுல செருப்புக்காலு. பாவம் இல்லையா? நான் இதத் தொடமாட்டேன்."

"ஆசாரி, அந்த ஊருல இப்பிடித்தான்..." என்று அண்ணன் இழுத்தார்.

"அந்த ஊருல இருக்கட்டும்."

உளிப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் பின்னாலேயே தெருமுனை வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஷூவைக் கழற்றி மூலையில் வீசினேன். யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் தெரியாது. சொல்லாமல் மறைத்த அண்ணன் மேலா, வேலையைப் போட்டுவிட்டுப் போன ஆசாரி மேலா, சொன்ன பேச்சுக் கேட்காத என் கால் மேலா. மச்சி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஷெட்டுக்கு வண்டி சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நேராக அடுப்படிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் என்னை எழுப்பினார். "கிளம்பு. சின்னமனூர் போவோம்."

சனிக்கிழமை அந்தப் பக்கம் பஸ் ஏறுகிறவர்களுக்கு என் அனுதாபம். குச்சனூர் சனீஸ்வரன் கோவிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க அந்த ரோட்டில்தான். எள்ளுப் பொட்டலமும் எண்ணெய்ப் பாட்டிலுமாக மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் நின்றார்கள். என் தோளில் யாரோ எண்ணெயைக் கொட்டிவிட்டு, "நல்லதுதாக்கா" என்று சமாதானம் சொன்னார்கள். அந்த நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மச்சியிடம் கேட்டேன். ரூம் காலியாகணும் என்று சொன்னது நீங்கள்தானே, இப்போது நீங்களே ஏன் மச்சி அலைகிறீர்கள்?

"நான் ரெண்டு வருசமா வையுறேன். வைவேன். அது என் புருசன்" என்றார் மச்சி. "இன்னொருத்தர் வந்து அவுக வேலையப் பாவம்னு சொல்லிட்டுப் போவாரா? அதக் கேட்டுக்கிட்டு நான் சும்மா இருக்கணுமா?"

அதற்கப்புறம் சின்னமனூர் வரும்வரை மச்சியின் பையையும் நானே வாங்கிச் சுமந்தேன்.

ஆசாரி வீட்டில் அவர் மனைவி வாசல் பக்கம் தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். ஆசாரி எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார், காப்பி சொன்னார். மரியாதையில் குறைவில்லை, பேச்சில்தான் இறங்கி வரவில்லை.

"நாடகத்துல ஆர்மோனியப்பெட்டிக்காரரு காலால மிதிச்சுத்தான வாசிக்கிறாரு?" என்று நான் ஆரம்பித்தேன். இணையத்தில் படித்து வைத்திருந்தேன்.

"மிதிக்கிறது துருத்திய. சுரம் கையில. ரெண்டும் ஒண்ணா?" என்றார். நான் மாட்டிக்கொண்டேன்.

மச்சி காப்பியைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். தையல் மிஷினைக் காட்டினார். அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

"ஆசாரியண்ணே, அதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நாந்தான். ஏன்?"

"சாமி கும்பிட்டுட்டு மறுநாள்லேருந்து அத மிதிக்கிறது எதால?"

கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. ஆசாரி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "இந்தாங்க, பதில் சொல்லுங்க" என்று புருஷனை வேறு சீண்டினார். ஆசாரி மிஷினைப் பார்த்தார், மனைவியின் காலைப் பார்த்தார், மோவாயைச் சொறிந்தார்.

"அவ செருப்பப் போட்டுக்கிட்டா மிதிக்கிறா?" என்றார் கடைசியில்.

"அம்புட்டுத்தான? செருப்பு இல்ல. காலக் கழுவிட்டுத்தான் உக்காருவாக. நாங்க அஞ்சு வேளையும் காலக் கழுவுறவுகதான். இந்தச் சிங்கப்பூர்க்காரிதான் ஷூவும் கையுமா வந்திருக்கா, அவளையும் கழுவ வைக்கிறேன்."

ஆசாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உளிப்பையை எடுத்தார். எனக்கோ அந்த நிமிஷமே மச்சியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. கொடுத்தேன். "சீ, விடு" என்றார்.

திரும்புகிற வழியில் சின்னமனூரிலேயே இரும்புக் கடையில் கெட்டி ஸ்பிரிங் பார்த்து வாங்கினார் ஆசாரி. மத்தியானம் முழுக்கத் தரையில் குப்புறப் படுத்து ஒவ்வொரு கட்டையாகக் கழற்றி மாட்டினார். முடித்ததும் கடைசிக் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து, குழாயடியை எனக்குக் கை காட்டினார். போய்க் கால் கழுவிவிட்டு வந்தேன். ஒழுங்காகத் துடைக்காமல் உட்கார்ந்து, முதல் அடியிலேயே வழுக்கி மூன்று சுரம் தாண்டிப் போய் விழுந்தேன். மச்சி துண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

இத்தனை வருஷம் ஷூ இல்லாமல் ஆர்கன் வாசிக்க முடியாது என்று என் மாணவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். சுத்தப் பொய். அந்தக் காலத்து ஜெர்மன் பாட்டுக்குக் குதிகால் வேலையே கிடையாது, எல்லாம் கால்விரல்தான். தேக்கின் இழைப்பு வெறுங்காலில் பட்டபோது எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. துள்ளலான ஒரு சின்னப் பாட்டை வாசித்துக் காட்டினேன். ஆசாரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "கட்டை நல்லாப் பேசுது" என்றார். குழாயைப் பற்றியோ ஜெர்மனியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. தன் பிள்ளையை மட்டும் பார்க்கிற தகப்பன்தான் போங்கள்.

அண்ணனை உட்காரச் சொன்னேன். நாளைக்கு என்றார். அத்தனை பெரிய உடம்புக்குள் அவ்வளவு பயம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "நீ வாசிச்சதக் கேட்டுட்டாள்ல, போதும் தங்கச்சி" என்றார். மச்சி காதில் அது விழுந்துவிட்டது. "அவ வாசிச்சா அது அவ வாத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்கப் பிரியாணி வாசம். மச்சிக்கு வேர்வையைத் துடைக்க நேரமில்லை. சம்பந்திக்கு எந்தத் தட்டு, எந்தப் பாய், யார் எங்கே உட்காருவது என்று சபீனாவைப் போட்டு விரட்டிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர்களின் படபடப்பு சிங்கப்பூரிலும் இதேதான், ஏ.சி. மட்டும்தான் கூடுதல். அண்ணன் குழாயடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்தார். உட்கார்ந்தார். எழுந்துபோய் மறுபடியும் கழுவினார்.

"இன்னும் கழுவுனா கால் தேஞ்சுரும்ணே" என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு உட்கார்ந்தார்.

அவர் எடுத்தது, பெடலில் ஒரே ஒரு சின்ன வரி திரும்பத் திரும்ப வருகிற பாட்டு. கால் விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருக்கும், மேலே கை ஒவ்வொரு சுற்றுக்கும் புதுசாக ஒன்று சொல்லும். முதல் சுற்றில் கால் மட்டும். அடிக் குழாய் எழுந்தபோது நான் உட்கார்ந்திருந்த இடமே அதிர்ந்தது. இரண்டாம் சுற்றில் இடது கை சேர்ந்தது, ஒரு சுரம் தப்பியது. அவர் தோள் விறைத்தது. நிறுத்திவிடுவார் என்று நகத்தைக் கடித்தேன். கால் நிற்கவில்லை. கப்பலில், சாப்பாட்டு மேசைக்கு அடியில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே என்று எத்தனையோ வருஷம் காற்றில் மிதித்துப் பழகின கால் அது. கையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் சுற்றில் அந்தத் தோள் இறங்கியது. அதற்கப்புறம் எனக்கு வாத்தியார் புத்தி போய்விட்டது, சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மச்சி அறை வாசலில் கரண்டியோடு நின்றார். கரண்டியிலிருந்து தரையில் சொட்டுவதைக் கவனிக்கவில்லை. கண் அண்ணனின் முதுகில் இருந்தது.

வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மதியம் என்று சொன்னவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அத்தா, அம்மா, இன்னும் நாலைந்து பேர், கையில் பழத்தட்டு. அண்ணன் வாசிக்கிற மும்முரத்தில் ஒன்றையும் கேட்கவில்லை. சம்பந்தியை வாசலில் காக்க வைத்தால் கதையே கெட்டுவிடும் என்று எனக்கே தெரியும். அவ்வளவுதான், பாட்டு பாதியில் போச்சு என்று நினைத்தேன்.

மச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கரண்டியோடேயே வெளியே போனார். கம்பிக் கதவின் கொண்டியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க, வாங்க. சலாம். செத்த நேரம் இங்கனயே நில்லுங்க."

மாப்பிள்ளையின் அத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உள்ள என்னம்மா சத்தம்? யாரு வாசிக்கிறது?"

"எங்க வீட்டுக்காரவுக" என்றார் மச்சி. "முடிக்கட்டும்."

கொண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டை ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றார்கள். உள்ளே அண்ணன் கடைசிச் சுற்றுக்கு வந்தார், இரண்டு கையும் காலும் ஒரே நேரத்தில் இறங்கின, அப்படியே பிடித்து நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எடுத்தார். அந்தத் தூரத்துக் கட்டடத்து எதிரொலியும் அடங்குகிறவரை காத்திருந்துவிட்டுத்தான் மச்சி கதவைத் திறந்தார்.